நாக்கைத் தூக்கிப் பாரும்

அன்புள்ள மச்சாள்,

இன்றைக்கும் யோசப் அண்ணை வீட்டுக் குசினியில் சுறா வறை. உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றேன். கல்வேலிக்கு மேலால் அந்த மணம் வந்து மூக்கில் ஏறிவிட்டது. அவித்து உதிர்த்த பால்சுறா, தேங்காய்ப்பூ, மஞ்சள், கை நிறைய உள்ளி. நேற்றும் அதே மணம், முந்தநாளும் அதே. நம் ஊரில் ஒரு வீட்டில் இப்படி நாள் தவறாமல் சுறா வறுபட்டால், அங்கே ஒருத்தி பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு இருக்கிறாள், அவளுக்குப் பால் காணாது, போதாது என்று யாரோ தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம்.

நிரோசாதான். யோசப் அண்ணையின் கடைசி மகள். பள்ளிக்கூடம் போகிற நாளில் எங்கள் கொய்யாவுக்குக் கல்லெறிந்து உங்களிடம் பிடிபட்டாளே, அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. வறை மணத்தோடு பிள்ளையின் அழுகையும் வேலியைத் தாண்டி வந்தது. அழுது, நெஞ்சில் போட்டதும் ஓய்ந்து, நான் இரண்டு சட்டையைக் கொடியில் போடுவதற்குள் திரும்பவும் அழுகை. அந்த அழுகையை எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மிச்ச உடுப்பை வாளியிலேயே விட்டுவிட்டு வந்து இதை எழுதத் தொடங்கினேன். முதலில் உங்களோடு கதைக்காமல் அந்த வீட்டுப் படி ஏற எனக்கு மனம் வரவில்லை.

சரவணையிலிருந்து கல்யாணம் கட்டி நெடுந்தீவுக்கு வந்த புதிதில் உங்களைப் பெருமைக்காரி என்றுதான் நினைத்தேன். பிறகு இதைச் சொல்லிச் சொல்லி இருவரும் எத்தனை தரம் சிரித்திருக்கிறோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வீர்கள். அதுவும் இடக்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு. சொற்கள் நசிபட்டு வரும், பாதி விளங்கும், பாதி விளங்காது. சாப்பிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவீர்கள். புருசனின் அக்கா இப்படி இருந்தால் வந்தவள் என்ன நினைப்பாள்? “என்னை அவவுக்குப் பிடிக்கேல்லை” என்று உங்கள் தம்பியிடம் முறைப்பட்டேன். “அக்கா சின்னனில இருந்து அப்பிடித்தான், கதைக்கிறது குறைவு” என்றார். ஒரே வீட்டில் வளர்ந்த மனிதருக்கு அக்காவைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு அவரும் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட, வீட்டில் நீங்கள், மாமி, வயிற்றில் பிள்ளையோடு நான்.

ஆரணி யாழ்ப்பாண ஆசுப்பத்திரியில் பிறந்தாள். என் அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால், சரவணையில் போய்ப் படுத்துக்கொள்ள எனக்கு ஒரு வீடு இருக்கவில்லை. பிள்ளையோடு நேரே இங்கேதான் வந்தோம். வந்ததிலிருந்து பிள்ளை நாள் முழுக்க என் நெஞ்சில் கிடந்தாள். குடித்துக்கொண்டே நித்திரையாவாள், கிடத்தினால் பசியில் அலறுவாள். என் முலை வெடித்து இரத்தம் கசிந்தது. பிள்ளை வாய் வைக்கும்போது துவாயின் தலைப்பைக் கடித்துக்கொள்வேன். பிள்ளை பெற்றால் இப்படித்தான் நோகும் போல என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் சவர்க்காரமும் பவுடரும் கொண்டுவந்தார்கள். கூடவே ஆளுக்கொரு தீர்ப்பும்.

“என்ன பிள்ளை, பால் காணாது போல?”

“மெல்லிய உடம்பு. எங்க இருந்து ஊறும்?”

பிள்ளையின் முகத்தைப் பார்க்க வந்த சனம் என் நெஞ்சைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனது. மாமி யோசப் அண்ணையிடம் சொல்லி வைத்தார். அவரும் பாவம், வலையில் பால்சுறா பட்ட நாளெல்லாம் வேலிக்கு மேலால் நீட்டிவிட்டுப் போவார். காலையில் வறை, மத்தியானம் வறை, இரவு புட்டோடு வறை. கடைசியில் என் வியர்வையே சுறா மணந்தது. பால் ஊறாமல் இருந்தால் பரவாயில்லை, ஊறித்தான் இருந்தது. நெஞ்சு கல்லாகி, சட்டை நனைந்து, பாய் வரைக்கும் நனைந்தது. காணாது என்று தீர்ப்பு வந்த பிறகு நனைந்த சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்? கிளினிக்கில் நிறுத்தபோது பிள்ளையின் நிறை ஏறவில்லை. மாமி புட்டிப்பாலுக்குப் பால்மாப் பேணி வாங்கிவரச் சொல்லிவிட்டார். அந்தப் பேணி குசினித் தட்டில் வந்து குந்திய அன்றைக்கு நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அன்று பின்னேரம்தான் நீங்கள் அறை வாசலில் வந்து நின்றீர்கள். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆர்வமாகக் குடிக்கிறாள் என்று நான் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தவள்.

“உந்தச் சத்தம் எப்பவும் கேக்குமோ?” என்றீர்கள், கையை வாயில் வைத்தபடி.

“ஓம் மச்சாள்.”

“உமக்கு நோகுமோ?”

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கேள்வியை ஒருவர் கேட்கவில்லை. நான் விக்கி விக்கி அழுதேன். நீங்கள் தேற்றவெல்லாம் இல்லை. உங்களுக்கு அது வராது. “அழாதையும். பிள்ளையைத் தாரும், இஞ்ச வாரும்” என்று அவளை வாங்கிக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றீர்கள். பால் பறிபோன கோபத்தில் பிள்ளை வாயை அகலத் திறந்து கத்தினாள்.

“நாக்கைத் தூக்கிப் பாரும்.”

பயந்து பயந்து விரல் நுனியை வைத்துத் தூக்கினேன். தூக்க வரவில்லை. நாக்கின் இரண்டு ஓரமும் மேலே எழும்ப, நடுவில் மட்டும் எதுவோ கீழே பிடித்து இழுத்தது. நுனி பிளந்து, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. கீழே ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு, நாக்கின் நுனியிலிருந்து பல் முளைக்கிற முரசு வரைக்கும். நான் பெற்ற பிள்ளையின் வாய்க்குள் இருந்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

பிறகு நீங்கள் கையை எடுத்தீர்கள் மச்சாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே உங்கள் வாயைத் திறந்தீர்கள். உங்கள் நாக்கும் எழும்பவில்லை, உதட்டைத் தாண்டவில்லை, நுனியில் அதே பள்ளம். பிள்ளையின் வாயில் நூலாக இருந்தது உங்கள் வாயில் கயிறாக இருந்தது.

“எனக்குச் சங்கில பருக்கித்தான் வளத்தவையாம்,” என்றீர்கள். “பால் காணாது எண்டு அம்மாவுக்கும் சொன்னவையாம்.”

பெருமைக்காரியாம்! அந்த இடத்திலேயே உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் நெளிந்தீர்கள். தொட்டுப் பேசினால் நெளிகிற பழக்கம் உங்களுக்குக் கடைசி வரைக்கும் போகவில்லை.

மறுநாள் நீங்களே போய் மருத்துவிச்சியான குடும்பநல மாதுவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அந்த மாது நல்ல மனிசி. உடனே வெட்டு கிட்டு என்று துள்ளவில்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்து, பிள்ளையின் தாடை என் நெஞ்சில் முட்ட, வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, எப்படிப் பிடிக்க வைப்பது என்று காட்டித் தந்தார். சில பிள்ளைகளுக்கு அதுவே காணும் என்றார். செய்து பார்த்தோம். கொஞ்சம் நோவு குறைந்தது, ஆனால் பிள்ளையின் பிடி நிற்கவில்லை, வழுக்கி வழுக்கிப் போனது. நிறையும் ஏறவில்லை. “நாக்கு ஒட்டி இருக்கு, அதுதான் பிடிக்கேலாமல் இருக்கு. யாழ்ப்பாணத்தில டொக்டரிட்டக் காட்டுங்கோ” என்று எழுதித் தந்தார்.

மாமிக்கு வந்தது கோபம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கவில்லை, பச்சைப் பிள்ளையைக் கடல் கடத்துவதோ, காத்துக் கறுப்பு அடிக்காதோ என்று தொடங்கினார்.

“ஆசுப்பத்திரியில பிறந்தவள் இஞ்ச நீந்தியே வந்தவள்?” என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கு வரவில்லை.

“நாக்கில கத்தி வைக்கிறதோ! வசம்பு உரைச்சுத் தடவினால் நாக்குத் தன்ரபாட்டில பிரளும். உனக்கும் உதுதான் இருந்தது. நீ என்ன, செத்தே போனனீ?”

நீங்கள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள். துருவுபலகையிலிருந்து எழும்பினீர்கள். வாய்க்கு முன்னால் கை இல்லை.

“சாகேல்லை அம்மா. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். பள்ளிக்கூடத்தில எழும்பி வாசிக்கச் சொல்லுவினம் எண்டு படிப்பை விட்டனான். மாப்பிள்ளை வீட்டார் வந்தவை, வாய் திறக்காதை எண்டு சொல்லி விட்டனீங்கள். நான் திறக்கேல்லை. ஊமையோ எண்டு கேட்டுப்போட்டுப் போனவை. நான் சாகேல்லை. இவளை நான் நாளைக்குக் கொண்டு போறன்.”

அவ்வளவு நீளமாக நீங்கள் பேசி அந்த வீடு கேட்டதில்லை. பாதிச் சொற்கள் நசிபட்டுத்தான் வந்தன. ஒன்றுகூட விளங்காமல் போகவில்லை. மாமி அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் லோஞ்ச் படகில் ஏறினோம். சோளகக் காற்று. லோஞ்ச் ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கம் நிமிர நேரம் எடுத்தது. நான் ஓங்காளித்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் சுற்றிக்கொண்டு, காலிரண்டையும் அகட்டி ஊன்றி, அசையாமல் இருந்தீர்கள். குறிகட்டுவானில் இறங்கி பஸ் ஏறினோம். வேலணை தாண்டும்போது என் ஊர்ப்பக்கத்துப் பனைகளைக் காட்டினேன். “அங்கால பிறகு பாப்பம்” என்று தலையைத் திருப்பாமலே சொன்னீர்கள். வேலை முடியும்வரை உங்களுக்கு வேறொன்றும் கண்ணில் படாது.

டொக்டர் என் வயதுக்காரி. பிள்ளையின் வாய்க்குள் விரலை வைத்துச் சூப்பவிட்டுப் பார்த்தார், நாக்கைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அவசரப்படவில்லை. “நாக்கு ஒட்டு கனக்கப் பிள்ளையளுக்கு இருக்கும். பால் வடிவாக் குடிச்சு நிறை ஏறினால் நாங்கள் தொடமாட்டம். இவளுக்குக் குடிக்க ஏலாமல் இருக்கு, அதால வெட்டுவம்” என்றார்.

“வெட்டாட்டி என்னைப்போல கதைக்கமாட்டாளோ?” என்று நீங்கள் கேட்டீர்கள்.

“அதை இப்ப சொல்ல ஏலாதம்மா. கனபேர் ஒட்டோட வடிவாக் கதைக்கினம். நாங்கள் வெட்டுறது அவளின்ர பசிக்காக.”

உங்கள் முகத்தில் அந்தப் பதில் ஏதோ செய்தது. ஆனால் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டீர்கள். நான்தான் சும்மா இருக்கவில்லை. அந்தச் சில நாளில் பிள்ளையின் வாயை அணு அணுவாகப் பார்த்து வைத்திருந்தேன். மேலுதட்டைத் தூக்கினால் அங்கேயும் நடுவில் ஒரு சவ்வு முரசில் ஒட்டியிருந்தது. “டொக்டர், இதையும் ஒரேயடியா வெட்டிவிடுங்கோ!” என்றேன். டொக்டர் சிரித்துவிட்டார். “அது எல்லாப் பிள்ளையளுக்கும் இருக்கும். வளர வளர மேல போயிடும். போகாமல் நிண்டு பிறகு பல்லுக்கு இடைஞ்சல் எண்டால் அப்ப பாப்பம். விட்டால் உங்கட வாயிலயும் வெட்டச் சொல்லுவியள் போல.” வீடு வந்து சேரும்வரை நீங்கள் இதைச் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணினீர்கள்.

பிள்ளையைத் துணியால் சுற்றி மேசையில் கிடத்தினார்கள். தலையை அசையாமல் யாராவது பிடிக்க வேண்டும் என்றார்கள். நான் தாய், நான் பிடித்திருக்க வேண்டும். கத்தரிக்கோலைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். நீங்கள் இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்தீர்கள். ‘சிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். திரும்பிப் பார்த்தபோது துணியில் ஒரு பொட்டு இரத்தம். பிறந்ததும் ஊசி போட்டபோது அழுத அளவுக்குக்கூட அவள் அழவில்லை. “இப்பவே பாலைக் குடுங்கோ” என்றார் டொக்டர்.

வழமைபோலத் துவாயைக் கடித்துக்கொண்டு பிள்ளையை நெஞ்சில் வைத்தேன். நோவைக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு இழுவை இருந்தது, பழைய வெட்டு எரிந்தது, ஆனால் அந்தக் கடி இல்லை. துவாயை வாயிலிருந்து எடுத்தேன். ‘டக், டக்’ சத்தம் இல்லை. தொண்டையில் பால் இறங்குகிற சத்தம் கேட்டது. நீங்கள் குனிந்து கேட்டீர்கள். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அதையே கேட்டுக்கொண்டு இருந்தோம். எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்றில்லை. பிள்ளை புது நாக்கைப் பழக நாள் எடுத்தது, குடும்பநல மாதுவும் திரும்பத் திரும்ப வந்து பிடியைத் திருத்தினார். ஆனால் அடுத்த கிளினிக்கில் நிறை ஏறியிருந்தது. பால்மாப் பேணியை நீங்கள் உடைக்காமலே கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்த நடையைப் பார்த்தவர்கள் தேர்தலில் வென்றவர் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு என்னுடைய முறை வந்தது. அன்று நாங்கள் புறப்படும்போது டொக்டர் உங்களிடம் சொல்லியிருந்தார், பெரியவர்களுக்கும் செய்யலாம் என்று. “எனக்கேன் இனி” என்று சீலைத் தலைப்பை உதறிவிட்டு வந்தீர்கள். நான் விடவில்லை. காலையில் தேத்தண்ணியோடு தொடங்குவேன், இரவு பாய் போடும்போதுதான் நிறுத்துவேன். “சாகேல்லை எண்டு மாமிக்குச் சொன்னனீங்கள். பிறகேன் இப்பவும் வாயைப் பொத்துறியள்?” என்று கேட்ட அன்று உங்களுக்குக் கோபம் வந்து என்னோடு கதைக்காமல் இருந்தீர்கள். கோபம் ஆறியதும், “எப்ப லோஞ்ச்?” என்றீர்கள்.

உங்களுக்குப் பிள்ளைக்குப் போல ஒரு நொடியில் முடியவில்லை. விறைப்பூசி, தையல், வீக்கம், கஞ்சி. பேச்சு முழுக்க மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம், பழகிய நாக்கு பழகியபடிதான் போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சொல்லித் தந்த பயிற்சியை விட்டீர்களா? மேலுதட்டில் பனங்கட்டியைத் தடவிவிட்டு அதை நாக்கால் எட்டி நக்க வேண்டும். நீங்கள் குசினியில் நின்று அதைச் செய்ய, ஆரணி தவழ்ந்து வந்து உங்களைப் பார்த்துத் தானும் நாக்கை நீட்டுவாள். மாமி தூணோடு சாய்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மாமியே எழும்பிப் போய்ப் பனங்கட்டியைக் கரைத்துக்கொண்டு வந்து உங்கள் உதட்டில் தடவிவிட்டார்.

சில எழுத்துக்கள் உங்களுக்குக் கடைசி வரைக்கும் முழுசாக வரவில்லை. ஆனால் கை இறங்கிவிட்டது. போனில் முகம் பார்த்துப் பேசும்போது தம்பிக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த நீங்கள், ஒருநாள் போனைப் பறித்து, காசை அங்கே கண்டபடி செலவழிக்கிறான் என்று அவரைப் பொரிந்து தள்ளினீர்கள். “அக்காவோ இது?” என்று கேட்டார் அவர். யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிரீம் கடையில் எப்போதும் கிண்ணத்தில் கரண்டியோடு வாங்குகிறவர் அன்றைக்குக் கோன் கேட்டீர்கள். நாக்கை நீட்டி, சுற்றிச் சுற்றி நக்கி, மூக்கிலும் பூசிக்கொண்டு சாப்பிட்டீர்கள். பக்கத்து மேசைப் பெடியள் சிரித்தார்கள். “சிரிக்கட்டும்” என்று இன்னொன்று வாங்கினீர்கள்.

அதற்குப் பிறகு தொடங்கியதுதான் உங்கள் டோச் லைற் ஊர்வலம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு எல்லோரும் சவர்க்காரம் கொண்டு போவார்கள், நீங்கள் அதோடு ஒரு சின்ன டோச்சும். உங்களோடு போக எனக்கு வெட்கமாக இருக்கும். சில வீடுகளில் முகம் கொடுக்கமாட்டார்கள், “டொக்டர் அம்மா வந்திட்டா” என்று நக்கலடிப்பார்கள். “நான் டொக்டர் இல்லை. உமக்கு நோகுதோ, பிள்ளை வடிவாக் குடிக்குதோ எண்டு கேக்க டொக்டராய் இருக்கத் தேவையில்லை” என்பீர்கள். குடிக்கிறது, நோகவில்லை என்றால் ஒட்டு இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்துவிடுவீர்கள். இல்லையென்றால் குடும்பநல மாதுவிடம் அனுப்பும்வரை அந்த வீட்டை விடமாட்டீர்கள். சவ்வை நகத்தால் கீறிவிடுகிறேன் என்று வெளிக்கிட்ட ஒரு கிழவியை நீங்கள் துரத்தியதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

போன மாரியில் நெஞ்சு நோகுது என்றீர்கள். யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். வரும்போது நீங்கள் பேசவில்லை. இதைத் தாண்டி என்னால் எழுத ஏலாது. எனக்கு உங்களில் கோபம், அதை மட்டும் சொல்கிறேன். பேசத் தொடங்கி எத்தனை வருசம், அதற்குள் போய்விட்டீர்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எழும்பினேன், மிச்சத்தை இப்போது இரவில் எழுதுகிறேன். அழுகை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அலுமாரியைத் திறந்து மேல்தட்டில் உங்கள் சீலைகளுக்குப் பக்கத்தில் கிடந்த டோச்சை எடுத்தேன். நீங்கள் போனபிறகு யாரும் தொடாதது, எரியாது என்று நினைத்துக்கொண்டுதான் பொத்தானை அமத்தினேன். பளிச்சென்று எரிந்தது.

“பற்றரி மாத்தி வைச்சனான்,” என்றது மாமியின் குரல், பின்னாலிருந்து. “மாத்தி மாத்தி வைக்கிறனான்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம், நேரம் போயிருக்கும். வேலியின் இடைவெளியால் யோசப் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிலோமினா அக்கா குசினியில் வறை கிளறிக்கொண்டு நின்றார். நிரோசா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி இருந்தாள். மேசையில் புதுப் பால்மாப் பேணி.

“உமக்கு நோகுதோ?” என்று நிரோசாவைக் கேட்டேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

“அவளுக்குப் பால் காணாது பிள்ளை, அதுதான்” என்றார் பிலோமினா அக்கா.

“அக்கா, பிள்ளையின்ர நாக்கை ஒருக்காத் தூக்கிப் பாப்பம்.”

அக்காவுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. “நீயும் தொடங்கிட்டியோ? நான் நாலு பெத்தனான். ஒண்டின்ர நாக்கையும் தூக்கிப் பாக்கேல்லை. ஆர் செத்தது?”

பதில் என் வாயில் இருந்தது. ஆனால் அது உங்களுடைய பதில் மச்சாள். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தடுமாறிக்கொண்டு நின்றேன். அப்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மாமி வந்து நின்றார். அந்த இடைவெளியால் எப்படி வந்தாரோ, மூச்சு வாங்கியது.

“பிலோமினா, உந்தக் கேள்வியை நானும் கேட்டனான்” என்றார். “என்ர பிள்ளை சாகேல்லை. நாப்பது வருசம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள். நான் பெத்த தாய், ஒரு நாள் திறந்து பாக்கேல்லை. அடுப்பை நூத்துப்போட்டு வந்து பிள்ளையைப் பிடி.”

பிலோமினா அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். டோச்சை நிரோசாவிடம் கொடுத்தேன், தாயே பார்க்கட்டும் என்று. விரலை வைத்துத் தூக்கினாள். நாக்கு எழும்பவில்லை. நடுவில் பள்ளம், கீழே வெள்ளையாகச் சவ்வு. வெட்ட வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல நான் யார்? குடும்பநல மாதுவுக்குப் போன் எடுத்தேன். பின்னேரம் வந்து, இருத்திப் பார்த்து, பிடியைத் திருத்திப் பார்த்து, யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொல்லி எழுதித் தந்துவிட்டுப் போனார். நாளைக்குக் காலை லோஞ்ச்.

உங்களைக் கொண்டு வந்த நாளுக்குப் பிறகு மாமி கடல் கடக்கவேயில்லை. இப்போது உடுப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். “சோளகம் மாமி, தலை சுத்தும், நீங்கள் நில்லுங்கோ” என்றேன்.

“சுத்தட்டும். டொக்டர் பிள்ளையின்ர தலையைப் பிடிக்கச் சொன்னால் ஆர் பிடிக்கிறது? நீ அண்டைக்கு முகத்தைத் திருப்பினனீயாம்.”

அதையும் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள், கள்ளி!

மாமி வரட்டும், நிரோசாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும். தலையை நான் பிடிப்பேன் மச்சாள். இந்த முறை முகத்தைத் திருப்பமாட்டேன்.